1921-லேயே பெண்களுக்கு ஓட்டு வந்துவிட்டது என்றால் எங்கள் அப்பத்தா ஏன் 1952-ல்தான் போட்டார்?

ஆத்தங்குடி_பேத்தி

எல்லோருக்கும் வணக்கம். ஊர் வீட்டைப் பங்கு பிரிக்கிற வேலை நடக்கிறது. பங்காளிகள் கூடி உக்கிராண அறையை ஒழித்தபோது அப்பத்தாவின் பெட்டியிலிருந்து ஒரு கணக்கு நோட்டு கிடைத்தது. நல்லெண்ணெய், மிளகாய், வேலைக்காரருக்குக் கூலி, வட்டி வரவு என்று எல்லாம் அவர் கையெழுத்தில் இருக்கிறது. கர வருஷத்துப் பக்கம் ஒன்றில், புளி வாங்கியதற்கும் வண்ணாருக்குக் கொடுத்ததற்கும் நடுவில், "ஓட்டுப் போடப் போன வண்டிக்கு, அணா 12" என்று ஒரு வரி. கர வருஷம் என்றால் 1951-52, அதாவது முதல் பொதுத்தேர்தல்.

அதைக் கல்லூரியில் படிக்கிற என் மகளிடம் காட்டினேன். அவள், "மெட்ராஸ் மாகாணத்தில் பெண்களுக்கு 1921-லேயே ஓட்டு வந்தாச்சே அம்மா, இவங்க ஏன் இவ்வளவு நாள் கழிச்சுப் போனாங்க?" என்று கேட்டாள். எனக்குப் பதில் தெரியவில்லை. அப்பத்தா 1908-ல் பிறந்தவர். வசதியான வீட்டுப் பெண். சீராக வந்த பணம் ரங்கூன் கடையில் போட்டு வைத்திருந்ததாகவும், 1942-ல் ஜப்பான்காரன் வந்தபோது அதெல்லாம் போய்விட்டதாகவும் வீட்டில் சொல்வார்கள். எழுதப் படிக்கத் தெரிந்தவர் என்பதற்கு நோட்டே சாட்சி. அப்படிப்பட்டவருக்கே நடுவில் ஓட்டு இல்லையா? இருந்தும் போகவில்லையா? செட்டிநாட்டுப் பெண்கள் யாராவது அந்தக் காலத்தில் ஓட்டுப் போட்டார்களா? இதற்காகப் போராடியவர்களில் நம் பக்கத்து ஆட்கள் உண்டா?

தெரிந்தவர்கள் எழுதினால் நோட்டோடு சேர்த்து மகளுக்குக் கொடுத்து வைப்பேன்.

கடைவீதி_காரைக்குடி

சொத்து இருந்தால்தான் அப்போது ஓட்டு. ஆணுக்கும் அப்படித்தான். அதுதான் காரணம் என்று நினைக்கிறேன். ஆனால் உங்கள் அப்பத்தாவிடம் பணம் இருந்திருக்கிறது என்கிறீர்கள், அந்த இடம்தான் எனக்கும் புரியவில்லை. தேவகோட்டை டீச்சர் பார்த்தால் எழுதுவார்.

தேவகோட்டை_டீச்சர்

பார்த்துவிட்டேன். தங்கச்சி, நீங்கள் அந்த நோட்டைப் பத்திரமாக வைத்திருப்பதற்கு முதலில் நன்றி. இரும்புப் பெட்டிச் சாவிக்குச் சண்டை போடுகிற வீட்டில் கணக்கு நோட்டைப் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடுவார்கள். நான் வரலாறு சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவள். கொஞ்சம் நீளமாகத்தான் எழுதுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் மகள் சொன்ன 1921 சரி. 1917 மே மாதம் சென்னை அடையாறில் இந்திய மாதர் சங்கம் தொடங்கினார்கள். அன்னி பெசன்ட், மார்கரெட் கசின்ஸ், டாரதி ஜினராஜதாசா ஆகியோர் முன்னின்றார்கள். கசின்ஸ் அயர்லாந்துக்காரர், பெண்களுக்கு ஓட்டுக் கேட்டுச் சிறைக்குப் போய்விட்டு இங்கே வந்தவர். அந்த வருஷம் டிசம்பரில் பிரிட்டிஷ் அரசில் இந்தியாவைக் கவனித்த மந்திரி மாண்டேகு சென்னைக்கு வந்தபோது, சரோஜினி நாயுடு தலைமையில் பெண்கள் குழு ஒன்று அவரைப் பார்த்தது. ஆண்களுக்கு ஓட்டுக் கொடுக்க என்ன தகுதி வைக்கிறீர்களோ, அதே தகுதியில் பெண்களுக்கும் கொடுங்கள் என்பது கோரிக்கை. பிறகு ஓட்டுரிமையை ஆராய வந்த சவுத்பரோ கமிட்டி, இந்த நாட்டுப் பழக்கவழக்கத்துக்கு இதெல்லாம் இப்போது ஆகாது என்று தள்ளிவிட்டது. 1919 சட்டமும் நேராகக் கொடுக்கவில்லை. அந்தந்த மாகாணச் சட்டசபை விரும்பினால் பெண் என்ற தடையை நீக்கிக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டது. மெட்ராஸ் சட்டசபை 1921 ஏப்ரலில் நீக்கியது. பிரிட்டிஷ் மாகாணங்களில் நாம்தான் முதல். பம்பாய் அதே வருஷம் வந்தது, வங்காளம் 1925 வரை இழுத்தடித்தது. நம் மாகாணத்தில் பெண்கள் 1923 தேர்தலில் ஓட்டுப் போட்டார்கள்.

சரி, இப்போது உங்கள் அப்பத்தாவுக்கு வருவோம். "ஆண்களுக்கு உள்ள அதே தகுதி" என்று கேட்டார்கள், அதுவேதான் கிடைத்தது. ஆணுக்கு என்ன தகுதி? நிலத்துக்குப் பட்டா இருக்க வேண்டும், அல்லது வீட்டுவரி, வருமானவரி என்று ஏதாவது ஒரு வரி அவர் பெயரில் கட்டியிருக்க வேண்டும். இது பெண்ணிடம் வந்து நின்றபோது என்ன ஆனது என்று பாருங்கள். வீடு யார் பெயரில்? பாட்டையா பெயரில், அல்லது அய்யாக்கள் பெயரில் கூட்டாக. நிலம்? அதுவும் அப்படித்தான். நூறு பெண்களில் ஒருவருக்கு இந்தத் தகுதி வந்தாலே அதிகம்.

நம் நகரத்தார் வீடுகளில் இது இன்னும் விசித்திரமானது. நம் பெண்களிடம் பணம் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. கல்யாணத்தில் வந்த சீர்ப் பணத்தை வட்டிக்கடையில் போட்டு வைப்பார்கள். அதற்கு ஆச்சிமார் பணம் என்றே பெயர். வட்டி கணக்காக வரவு வைக்கப்படும். உங்கள் அப்பத்தா நோட்டில் உள்ள வட்டி வரவு அதுவாகத்தான் இருக்க வேண்டும். கல்யாணமானதும் வேறு வைத்துவிடுவார்கள். ஒரே கூரைக்குள் தனி அடுப்பு, தனிச் செலவு, வருஷத்துக்கு இவ்வளவு அரிசி, இவ்வளவு பருப்பு என்று அளவு. புருஷன் கடைக் கணக்கு வேலைக்கு பர்மாவுக்கோ மலாய்க்கோ போய்விட்டால் திரும்பி வர மூன்று வருஷம். அதுவரை பிள்ளை வளர்ப்பது, மொய் செய்வது, வீடு கட்டுகிற கொத்தனாருக்குக் கூலி கொடுப்பது எல்லாம் ஆச்சி கையில். என் ஆயா சுண்ணாம்பு பூச வந்த ஆட்களை முகப்பில் வரிசையாக நிற்கவைத்துக் கூலி எண்ணிக் கொடுத்ததை நான் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். தொகையைச் சத்தமாகச் சொல்லிச் சொல்லிக் கொடுப்பார்.

ஆனால் அந்தப் பணம் கடையின் விலாசத்தில் கிடந்தது. விலாசம் என்றால் கடைக்குப் பெயராக வைக்கிற ஆண்களின் முதலெழுத்துகள். வருமானவரி அந்த விலாசத்துக்குப் போடப்பட்டது, கட்டியதும் அந்த விலாசம்தான். பேரேட்டில் ஆச்சிக்குத் தனிப் பற்றுவரவு உண்டு, சர்க்கார் ஏட்டில் ஆச்சி இல்லை. கோயில் கணக்கிலும் பாருங்கள், புருஷனும் பெண்டாட்டியும் சேர்ந்தால் ஒரு புள்ளி, அதாவது ஒரு குடும்பம். துணை போய்விட்டால் அரைப்புள்ளி. தனியாக ஒரு பெண் முழுப்புள்ளியாக எங்கேயும் எண்ணப்படவில்லை. ஆகவே உங்கள் அப்பத்தாவுக்கு 21 வயது நிரம்பிய 1929-லோ, அடுத்து வந்த 1930 தேர்தலிலோ பட்டியலில் இடம் இருந்திருக்காது என்று நான் உறுதியாகவே சொல்வேன், அவர் பெயரில் தனிப் பட்டா ஏதாவது இருந்தால் தவிர.

1935 சட்டத்தில் கொஞ்சம் திறந்தார்கள். ஓட்டுரிமை உள்ள சொத்துக்காரரின் மனைவி என்றால் ஓட்டு, எழுதப் படிக்கத் தெரிந்தால் ஓட்டு, இப்படிச் சில வழிகள். நாடு முழுக்க ஏறத்தாழ 60 லட்சம் பெண்கள் பட்டியலுக்கு வந்தார்கள். மாதர் சங்கங்கள் இதைக் கொண்டாடவில்லை. புருஷன் யார் என்று பார்த்து ஓட்டுக் கொடுப்பது அவமானம், வயது வந்த எல்லோருக்கும் கொடுங்கள் என்று எழுதிக் கொடுத்தார்கள். 1933-ல் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி லண்டன் வரை போய் பார்லிமெண்ட் கமிட்டி முன்னால் சாட்சி சொன்னார். அங்கே எடுபடவில்லை.

இந்த 1935 சட்டப்படி உங்கள் அப்பத்தா 1937 தேர்தலில் ஓட்டுக்குத் தகுதி பெற்றிருக்க நல்ல வாய்ப்பு உண்டு. கணவர் வரி கட்டுகிறவர், இவருக்கும் எழுத்துத் தெரியும். ஆனால் பல இடங்களில் தானாகப் பெயர் ஏறாது, மனுக் கொடுத்தால்தான் ஏறும். கணவர் ரங்கூனில் இருந்திருப்பார், இவர் வீட்டுக்குள் இரண்டாங்கட்டில். யார் போய் மனுக் கொடுப்பது? வீட்டு ஆண்களுக்கு அது ஒரு காரியமாகவே தோன்றியிருக்காது. 1937 விட்டால் அடுத்த மாகாணத் தேர்தல் 1946. அதற்குள் ரங்கூன் போயிற்று, கடை போயிற்று, வரி கட்டுகிற தகுதியும் போயிற்று.

1952-ல்தான் வரி, பட்டா, புருஷன், படிப்பு எதுவும் கேட்கவில்லை. 21 வயதா, போடு ஓட்டு. அரசியல் சட்டம் 326-ஆவது பிரிவு. வண்டிக்கு 12 அணா கொடுத்து அவர் போனார் என்றால், கேட்காமலே வந்த காகிதத்தைப் போட்டுவிட்டு வரப் போனதாக நினைக்காதீர்கள். 30 வருஷம் சுற்றி வந்த ஒன்று அன்றைக்குத்தான் அவர் வாசலுக்கு வந்தது.

திருமயம்_வாசி

டீச்சர் எழுதியதோடு ஒன்று சேர்க்க வேண்டும். நீங்கள் எல்லோரும் மெட்ராஸ் மாகாணம் என்று பேசுகிறீர்கள். செட்டிநாட்டு ஊர்கள் எல்லாம் மாகாணத்தில் இல்லை. காரைக்குடி, தேவகோட்டை, ஆத்தங்குடி ராமநாதபுரம் ஜில்லா. எங்கள் பக்கம் ராயவரம், கோனாபட்டு, கடியாபட்டி எல்லாம் புதுக்கோட்டை சமஸ்தானம். 1921-ல் மெட்ராஸ் சட்டசபை செய்தது எங்கள் எல்லைக்குள் செல்லாது. 1948 மார்ச்சில் சமஸ்தானம் இந்தியாவோடு சேர்ந்து திருச்சி ஜில்லாவில் வந்த பிறகுதான் நாங்கள் அந்தக் கணக்கில் வந்தோம். ஆத்தங்குடியில் கொடுத்த பெண்ணும் ராயவரத்தில் கொடுத்த பெண்ணும் ஒரே வீட்டு அக்கா தங்கையாக இருந்தாலும் வேறு வேறு சட்டத்தில் இருந்தார்கள்.

ஆனால் இந்தப் போராட்டத்தின் பெரிய பெயர் எங்கள் புதுக்கோட்டைப் பெயர். முத்துலட்சுமி ரெட்டி 1886-ல் அங்கே பிறந்தவர். அப்பா நாராயணசாமி ஐயர் மகாராஜா கல்லூரி முதல்வர், அம்மா சந்திரம்மாள் தேவதாசி மரபில் வந்தவர். ஆண்கள் படிக்கிற கல்லூரியில் இந்தப் பெண்ணைச் சேர்க்கக் கூடாது என்று எதிர்ப்பு கிளம்பியபோது, மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் சேர்க்கச் சொல்லி உத்தரவு போட்டார். 1912-ல் டாக்டர். சென்னைச் சட்டசபைக்கு நியமன உறுப்பினராகப் போய், 1927-ல் துணைத்தலைவராக ஒருமனதாகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். கோயிலுக்குப் பெண்களைப் பொட்டுக் கட்டுவதை ஒழிக்கப் பாடுபட்டார். 1930-ல் காந்தி கைதானதும் பதவியை விட்டார். அவ்வை இல்லமும் அடையாறு புற்றுநோய் மருத்துவமனையும் அவர் ஏற்படுத்தியவை.

என் அம்மா 1952-ல் சிறுமி. பிற்பாடு ஓட்டுப் போடும்போதெல்லாம் கைநாட்டுத்தான். 1991-ல் அறிவொளி இயக்கம் எங்கள் மாவட்டத்துக்கு வந்து, சாயங்காலம் தெருவிளக்கடியில் உட்கார்ந்து தன் பெயரை எழுதப் பழகினார். கல் உடைக்கிற பெண்கள் சைக்கிள் ஓட்டப் பழகியதும் அப்போதுதான். அடுத்த தேர்தலில் சாவடியில் மை அட்டையை நீட்டியபோது அம்மா, "நான் கையெழுத்துப் போடுவேன்" என்று பேனாவைக் கேட்டு வாங்கினார். நான் பின்னால் வரிசையில் நின்றேன்.

மானகிரி_தோழர்

டீச்சர் மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் அடையாறு மாதர் சங்கத்துக்கு இவ்வளவு இடம் கொடுத்தது எனக்கு ஒப்பவில்லை. படித்த, மேல்சாதி, பெரிய வீட்டுப் பெண்கள் வைஸ்ராய்க்கும் மந்திரிக்கும் எழுதிய மனுக்களால் நம் பக்கம் என்ன மாறியது? இங்கே நிலத்தை உழுதது சுயமரியாதை இயக்கம். 1929 பிப்ரவரியில் செங்கல்பட்டு மாநாட்டில் பெண்ணுக்குச் சமச் சொத்துரிமை, விதவை மறுமணம், பிடிக்காத கல்யாணத்திலிருந்து விலகும் உரிமை என்று தீர்மானம் போட்டார்கள். சொத்துரிமைத் தீர்மானம் சட்டமாவதற்கு 60 வருஷம் ஆனது. தமிழ்நாட்டில் 1989, மத்திய சட்டம் 2005.

இது எங்கோ நடந்ததில்லை. காரைக்குடியிலிருந்து "குமரன்" பத்திரிகை நடத்திய சொ. முருகப்பா நகரத்தார். விதவையான மரகதவல்லியை மணந்தார். இருவரும் சேர்ந்து 1930களில் காரைக்குடியிலிருந்தே மறுமணத்துக்காக "மாதர் மறுமணம்" என்று ஒரு பத்திரிகை நடத்தினார்கள். சாதிக்காரர்களின் கோபம் எப்படி இருந்திருக்கும் என்று செட்டிநாட்டில் பிறந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. டீச்சர் சொன்ன அரைப்புள்ளிப் பெண்களுக்காகப் பேசியவர்கள் இவர்கள்தான். இவர்களை ஒரு வரியில்கூடச் சொல்லாமல் போகலாமா?

இன்னொன்று. அந்தப் பெரிய வீடுகளைக் கட்டிய சித்தாள் பெண்கள், முட்டை வெள்ளைக்கரு கலந்த சுண்ணாம்பைத் தேய்த்துத் தேய்த்துச் சுவருக்குப் பளபளப்பு ஏற்றியவர்கள், அவர்களைப் பற்றி இங்கே யாரும் கேட்கவில்லை.

தேவகோட்டை_டீச்சர்

தோழர் மரகதவல்லி அம்மையாரைக் கொண்டுவந்தது நல்ல காரியம். கேள்வி ஓட்டைப் பற்றி என்பதால் நான் அந்தப் பக்கம் போகவில்லை. ஆனால் நீங்கள் சொன்னதை நான் ஒரு படி மேலே கொண்டுபோவேன். சொத்துரிமையும் ஓட்டுரிமையும் அந்தக் காலத்தில் இரண்டு போராட்டம் இல்லை. சொத்தைப் பார்த்து ஓட்டு என்று வைத்துவிட்ட பிறகு, பெண்ணுக்குச் சொத்து கேட்டவர் ஓட்டுக்கும் சேர்த்துத்தான் கேட்டார். செங்கல்பட்டில் தீர்மானம் போட்டவர்களும் அடையாற்றில் மனு எழுதியவர்களும் ஒருவரை ஒருவர் எவ்வளவு திட்டிக்கொண்டாலும் முட்டியது ஒரே சுவரில். 1937-ல் விதவைக்குப் புருஷன் சொத்தில் பங்கு என்று ஒரு சட்டம் வந்தது. அதுவும் உயிரோடு இருக்கும்வரை அனுபவிக்கத்தான், விற்க முடியாது. விளைநிலத்துக்கு அந்தச் சட்டம் செல்லாது என்று 1941-ல் பெடரல் கோர்ட்டு சொல்லிவிட்டது. சுவர் அவ்வளவு கெட்டி.

மாதர் சங்கத்தைத் தள்ளிவிட என்னால் முடியாது. அவர்கள் பெரிய வீட்டுப் பெண்கள்தான். ஆனால் 1930களின் தொடக்கத்தில் சர்க்கார், "உங்களைப் போன்ற படித்த பெண்களுக்கு மட்டும் தருகிறோம், வாங்கிக்கொள்ளுங்கள்" என்று நீட்டியபோது, வேண்டாம், எல்லோருக்கும் கொடு என்று சொன்னவர்களும் அவர்களே. வாங்கிக்கொள்வோம் என்ற தரப்பும் அவர்களுக்குள் இருந்தது. வட்டமேஜை மாநாட்டுக்குப் போன ராதாபாய் சுப்பராயன், கிடைப்பதை முதலில் வாங்குவோம் என்ற பக்கம். பெரும்பான்மை அதற்கு ஒப்பவில்லை. தனக்குக் கிடைக்கிறதை மற்றவளுக்காக வேண்டாம் என்பது சின்ன விஷயமில்லை. எனக்கு அந்த இடத்தில் அவர்கள் மேல் பெரிய மதிப்பு உண்டு.

சித்தாள் பெண்களைப் பற்றிக் கேட்டீர்கள். அவர்களுக்கு 1921 இல்லை, 1937-ம் இல்லை. பட்டா இல்லை, வரி இல்லை, புருஷனுக்கும் இல்லை. அவர்கள் கணக்கில் வந்தது 1952-ல்தான். ஆச்சியும், ஆச்சி வீட்டில் சாணி தெளித்தவரும் ஒரே நாளில் வாக்காளர் ஆனார்கள். ஆச்சி சுற்றித் திரை கட்டிய வண்டியில் போயிருக்கலாம், அந்த அம்மா நடந்து போயிருக்கலாம். பெட்டிக்கு முன்னால் இருவருக்கும் ஒரே மதிப்புத்தான். அந்தத் தேர்தலில் ஒவ்வொரு வேட்பாளருக்கும் தனித் தனிப் பெட்டி, சின்னம் ஒட்டியிருக்கும். எழுத்துத் தெரியாதவரும் தனக்குப் பிடித்த பெட்டியில் போட்டுவிடலாம்.

அந்த முதல் தேர்தலிலும் ஒரு கொடுமை நடந்தது. வடக்கே பீகார், உத்தரப் பிரதேசம், ராஜஸ்தான் பக்கம் லட்சக்கணக்கான பெண்கள் கணக்கெடுக்க வந்தவரிடம் தங்கள் பெயரைச் சொல்லவில்லை. இன்னார் பெண்டாட்டி, இன்னார் அம்மா என்று மட்டும் சொன்னார்கள். தேர்தல் கமிஷனர் சுகுமார் சென், சொந்தப் பெயர் இல்லாமல் சேர்க்க முடியாது என்று சொல்லிவிட்டார். ஏறத்தாழ 28 லட்சம் பெயர் பட்டியலிலிருந்து போயிற்று. கடுமைதான், ஆனால் அது சரியான முடிவு என்றே நான் நினைக்கிறேன். விட்டிருந்தால் "இன்னார் பெண்டாட்டி" என்பதே நிரந்தரப் பெயராகியிருக்கும். அடுத்த தேர்தலுக்குள் அவர்கள் பெயரைச் சொல்ல வைத்தார்கள்.

இது எனக்கு நேரில் தெரிந்த விஷயமும்கூட. வேலையில் இருந்த காலத்தில் தேர்தல் பணிக்குப் போயிருக்கிறேன். பட்டியலைப் பார்த்துப் பெயரை உரக்க வாசிக்கிற முதல் அலுவலர் வேலை எனக்கு. வயதான ஆச்சி ஒருவர் வருவார். "பேரு என்ன ஆச்சி?" என்றால், வீட்டுப் பெயரைச் சொல்வார், மகன் பெயரைச் சொல்வார். புருஷன் பெயரைச் சொல்லவே மாட்டார், பட்டியலில் இருப்பதை நான் வாசித்தால் தலையை மட்டும் ஆட்டுவார். "உங்க பேரு ஆச்சி, உங்க பேரு" என்று திரும்பக் கேட்டால் கொஞ்சம் நின்று, தன் பெயரைச் சொல்வார். பள்ளிக்கூட வகுப்பறை, கட்சி ஏஜெண்டுகள் பெஞ்சில், பெண்கள் வரிசை ஜன்னல் வரைக்கும். அத்தனை பேர் கேட்க அந்தப் பெயரை நான் சத்தமாகத் திருப்பிச் சொல்வேன். விதி அது. ஏஜெண்டுகள் தங்கள் தாளில் கோடு போட வேண்டும். ஆனால் அந்த ஊரில் அந்தப் பெயரை அப்படி யாரும் உரக்கச் சொல்லிப் பல வருஷம் ஆகியிருக்கும் என்று எனக்குத் தோன்றும். கல்யாணமான நாளிலிருந்து எல்லோருக்கும் அவர் ஆச்சி, அண்ணமிண்டி, அயித்தை. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை தலைமை அலுவலர் டைரியில் ஆண் இத்தனை, பெண் இத்தனை என்று எழுதுவார். பெண் பத்தி முந்திவிட்டால் எனக்கு அன்றைக்குக் களைப்பே தெரியாது.

ஆத்தங்குடி_பேத்தி

டீச்சர், உங்களை ஆச்சி என்று கூப்பிடலாமா? மகளுக்கு வாசித்துக் காட்டினேன். விலாசத்தில் பணம் கிடந்தது என்ற இடத்தில் நிறுத்தி, நோட்டை வாங்கி வட்டி வரவுப் பக்கத்தை மறுபடி பார்த்தாள். அப்பத்தா கல்யாணத்துக்கு எழுதிய ஒப்பந்தம், இசைகுடிமானம் என்பார்கள், அதுவும் பெட்டியில் இருக்கிறது. சீர்ப் பணம் அதில் எழுதியிருக்கிறது, ஆனால் எழுதிக்கொண்டவர்கள் எல்லாம் ஆண்கள்தான்.

திருமயம் அண்ணன் சொன்னதும் பொருந்துகிறது. அப்பத்தாவின் தங்கை ஒருவர் கோனாபட்டில் வாழ்க்கைப்பட்டவர். இரண்டு பேரையும் சேர்த்து எழுதலாம் என்று மகள் சொல்கிறாள். 1937 பட்டியலில் அப்பத்தா பெயர் இருந்ததா என்று பார்க்க வழி உண்டா? எங்கே போய்க் கேட்பது?

தேவகோட்டை_டீச்சர்

தாராளமாகக் கூப்பிடுங்கள்.

முதலில் பக்கத்தில் இருப்பதைப் பாருங்கள். சார்பதிவாளர் அலுவலகத்தில் அப்பத்தா பெயருக்கு ஏதாவது பத்திரம் பதிவாகியிருக்கிறதா என்று தேடச் சொல்லுங்கள். அவர் பெயரில் தனியாக ஒரு காணி இருந்தாலும் நான் மேலே சொன்னது மாறும், 1930-லேயே அவருக்கு ஓட்டு இருந்திருக்கலாம். பங்கு பிரிக்க எப்படியும் வில்லங்கச் சான்று எடுப்பீர்கள். அப்பச்சி பெயர், அய்யா பெயரோடு நின்றுவிடாமல் அப்பத்தா பெயரையும் சேர்த்துத் தேடுங்கள். அவர் பிறந்த வீட்டு முதலெழுத்திலும் தேடுங்கள்.

அடுத்தது சென்னை. எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் பழைய சர்க்கார் கோப்புகளும் சட்டசபை நடவடிக்கைகளும் இருக்கின்றன. தேர்தல் பட்டியலை அங்கே கேளுங்கள். கேட்கும்போது ராமநாதபுரம் ஜில்லா என்று கேளுங்கள், சிவகங்கை மாவட்டம் என்று கேட்டால் அந்தக் காலத்து ஏட்டில் கிடைக்காது. கோனாபட்டுத் தங்கைக்குப் புதுக்கோட்டை சமஸ்தான ஆவணங்களைத் தனியாகக் கேட்க வேண்டும். பத்திரிகைகளுக்குத் தரமணியில் ரோஜா முத்தையா நூலகம். முத்தையா நம் கோட்டையூர்க்காரர். விளம்பரப் பலகை எழுதிச் சம்பாதித்ததையெல்லாம் பழைய புத்தகத்திலும் பத்திரிகையிலும் போட்டவர். அவர் கோட்டையூர் வீட்டில் சேர்த்து வைத்ததுதான் அந்த நூலகத்தின் அடித்தளம். காரைக்குடிப் பத்திரிகைகளைத் தேட அதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது. தோழர் சொன்ன மரகதவல்லி அம்மையாரின் பத்திரிகையையும் உங்கள் மகள் அங்கே கேட்டுப் பார்க்கட்டும்.

ஊரில் 90 வயது தாண்டிய ஆச்சிமார் யாராவது இருந்தால் இந்த மாதமே போய்ப் பாருங்கள், காப்பகம் காத்திருக்கும். "யாருக்கு ஓட்டுப் போட்டீங்க?" என்று கேட்காதீர்கள், வாயை மூடிக்கொள்வார்கள். யாரோடு போனீர்கள், என்ன சேலை கட்டினீர்கள், சாவடி எந்தப் பள்ளிக்கூடம், யார் பெயர் வாசித்தது என்று கேளுங்கள். போனில் பதிவு செய்துகொள்ளுங்கள், அனுமதி கேட்டுவிட்டு.

அப்புறம் நோட்டு. லேமினேஷன் கடைக்கு எடுத்துக்கொண்டு போய்விடாதீர்கள், சூட்டில் பழைய தாள் கெட்டுவிடும். பக்கம் பக்கமாகப் படம் எடுத்துக்கொண்டு, நோட்டை வெள்ளைப் பருத்தித் துணியில் சுற்றி வையுங்கள். அந்துருண்டை தாளில் படக்கூடாது. கர வருஷத்துப் பக்கத்தின் படத்தை முடிந்தால் எனக்கு ஒன்று அனுப்புங்கள். வட்டி வரவு எந்த ஊர்க் கடையிலிருந்து என்று அந்தப் பக்கத்தில் குறித்திருக்கிறதா பாருங்கள், ரங்கூன் போன பிறகும் அவருக்கு வட்டி வந்திருக்கிறது என்றால் வேறு எங்கோ பணம் இருந்திருக்கிறது.